லோடியில் கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகிறது: பக்கத்து வைனரியின் கழிவுநீர் காரணமாக இருக்குமா?

கேள்வி:
வணக்கம். கலிபோர்னியாவில் லோடிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நகராட்சிக் குழாய் இல்லை, சொந்த போர்வெல்தான், 140 அடி. போன அறுவடைக்குப் பிறகு தண்ணீரில் இரும்பு வாடை. பிடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிடுகிறது, டாய்லெட் தொட்டியில் கருப்பாகப் படிகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வைனரி, அதாவது ஒயின் தயாரிக்கும் ஆலை. தொட்டியும் பீப்பாயும் கழுவிய தண்ணீரைக் காலி நிலத்தில் பாய்ச்சுகிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் புளித்த நாற்றம் வீடு வரை வரும். போய்க் கேட்டதற்கு, "திராட்சைச் சாறு கலந்த தண்ணீர்தான், அதில் இரும்பே கிடையாது" என்றார்கள். அப்படியானால் என் கிணற்றுக்கு இரும்பு எங்கிருந்து வந்தது? வீட்டில் மூன்று மாதக் குழந்தை. தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் பால்பவுடர் கலக்கிறோம். போதுமா?

பதில் 1:
போதாது, இன்றே நிறுத்திவிடுங்கள். கிணற்று நீரில் நைட்ரேட்டோ, ஆர்செனிக் என்ற நச்சோ இருந்தால் கொதித்தால் போகாது. நீர் ஆவியாக ஆக, மிச்சத்தில் அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். சோதனை முடிவு வரும்வரை குழந்தைக்குப் பாட்டில் தண்ணீர் மட்டும் கொடுங்கள்.

பதில் 2:
கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வேலை பார்க்கிறேன். அவர்கள் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. இரும்பு உங்கள் மண்ணிலேயே இருக்கிறது. கழுவுநீரில் உள்ள சர்க்கரையையும் ஆல்கஹாலையும் மண்ணின் நுண்ணுயிர்கள் தின்னும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அடுத்து ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளும், அதுவும் தீர்ந்தால் மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள். திடமாக இருந்தவை கரைந்து நிலத்தடி நீருக்கு இறங்கும். அந்த இரும்பில் ஒட்டிக்கொண்டிருந்த ஆர்செனிக்கும் கூடவே வரும், அதற்குத்தான் பயப்பட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, நடுவில் நிலத்தைக் காயவிட்டால் மண்ணுக்குக் காற்று கிடைக்கும். ஒரே இடத்தில் தேங்கவிட்டால்தான் இந்த நிலை.

பதில் 3:
அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். கிணற்றுக் குழாய் துருப்பிடித்தாலும், இரும்பு பாக்டீரியா புகுந்தாலும் இதே அறிகுறிகள் வரும். தனியார் கிணற்றை மாநில அரசு சோதிப்பதில்லை, நாம்தான் செய்ய வேண்டும். மாநில அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் நைட்ரேட், ஆர்செனிக், இரும்பு, மாங்கனீசு, மொத்த உப்பு, கரிமக் கார்பன் எல்லாவற்றையும் கேளுங்கள். மாதிரியை ஃபில்டருக்கும் சாஃப்ட்னருக்கும் முன்னால், கிணற்றடியிலேயே எடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. இப்படி நிலத்தில் விடுவதற்குச் சட்டம் எதுவும் இல்லையா? வீட்டில் ஆர்ஓ இருக்கிறது, அதை நம்பலாமா?

பதில் 2:
சட்டம் இருக்கிறது. 2021 ஜனவரியில் மாநில நீர்வள வாரியம் வைனரிகளுக்கென்றே ஒரு பொது ஆணை கொண்டுவந்தது. ஆண்டுக்கு 10,000 முதல் 1.5 கோடி கேலன் வரை கழிவுநீர் விடுபவர்களை நான்கு படிகளாகப் பிரித்து, அளவு கூடக் கூடக் கட்டுப்பாட்டையும் கூட்டுகிறது. 10,000க்குக் கீழே பொதுவாக விலக்கு. அந்த வைனரி அனுமதி வாங்கியிருக்கிறதா என்று அந்த வாரியத்தின் ஜியோடிராக்கர் இணையதளத்தில் தேடுங்கள். அப்புறம், ஆர்ஓவை மட்டும் நம்ப வேண்டாம். ஆக்சிஜன் இல்லாத நீரில் ஆர்செனிக் வேறு வடிவில் இருக்கும், ஆர்ஓ அதைச் சரியாகப் பிடிக்காது. முதலில் ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):
முடிவு வந்துவிட்டது. லிட்டருக்கு இரும்பு 3.1 மில்லிகிராம், மாங்கனீசு 0.6. ஆர்செனிக் 14 மைக்ரோகிராம், குடிநீர் வரம்பு 10. நைட்ரேட் கிட்டத்தட்ட இல்லை.

பதில் 2:
நைட்ரேட் இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள். சுற்றிலும் உரம் போடும் இடத்தில் அது காணாமல் போயிருப்பதே மண்ணில் காற்றில்லை என்பதற்கு ஓர் அடையாளம். துரு மட்டும் காரணமென்றால் ஆர்செனிக் இப்படி வராது. இந்த அறிக்கையோடு மத்தியப் பள்ளத்தாக்கு மண்டல நீர்த்தர வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எந்த மாதம், எந்த இடத்தில் தேங்கியது என்று படத்தோடு எழுதுங்கள்.

கேட்டவர்:
இன்று காலை அனுப்பிவிட்டேன். அதே சாலையில் திராட்சைத் தோட்ட வேலைக்காரர்கள் இரண்டு குடும்பம் கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். அவர்களுக்கும் அறிக்கையின் நகலைக் கொடுத்து வந்தேன். நாளை அவர்கள் கிணற்றிலும் மாதிரி எடுக்கப் போகிறோம்.