பெடல் சுழலுது, பின் சில்லு பிடிக்குதில்லை

அண்ணாமார், மூன்று கிழமைக்கு முன் கிரானிலிருந்து குடும்பிமலை போகும் வழியில் முந்தனையாற்றில் சைக்கிளை இறக்கிக் கடந்தேன். தண்ணீர் அச்சுக்கு மேலே நின்றது. அடுத்த நாளிலிருந்து ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் பெடல் சும்மா சுழலுது, செயின் மட்டும் ஓடுது, சில்லு அசையாது.

மவுண்டன் பைக், 26 அங்குலச் சில்லு, 21 கியர், பின்னால் 7 பற்சக்கர ஃப்ரீவீல் (மிதிக்காத நேரம் சில்லைத் தனியே ஓடவிடும் பற்சக்கரத் தொகுதி), மரை போட்டு இறுக்கும் வகை. செயின் புதுசு, கேபிளும் சரி. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி எண்ணெய் போட்டேன். இரண்டு நாள் நல்லா ஓடி, திரும்பவும் அதே. ஃப்ரீவீலுக்குள்ளே, மிதிக்கும்போது சில்லைப் பிடிக்கும் சின்ன நாக்குகளில் ஆற்றுமணல் இறுகியிருக்கு என்றுதான் நினைக்கிறேன். டவுனில் ஒரு கடையில் உளியால் தட்டிக் கழற்றலாம் என்றார்கள், மனம் வரவில்லை.

அடுத்த கிழமை தாந்தாமலை போக வேணும். யானை நடமாடும் பாதை, இப்படியே போக ஏலாது.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை ஃப்ரீவீல் கழற்றும் சாவி எந்தக் கடையில் இருக்கு?