பிரெஞ்சு சைக்கிள் ரேஸ் வீரர் திபோ பினோவ நேர்ல பாத்தவங்க இருந்தா உங்க அனுபவத்த எழுதுங்க

முலூஸ்காரன்:

நானே ஆரம்பிக்கறேன். 2023 ஜூலை 22, டூர் தெ பிரான்ஸ் முடியறதுக்கு முந்தின நாள். அது மூணு வாரம் ஓடற சைக்கிள் ரேஸ், ஒவ்வொரு நாளுக்கும் தனியா ஒருத்தர் ஜெயிப்பாரு. நான் இருக்கறது கிழக்கு பிரான்ஸ்ல முலூஸ், பெத்தி பலோன் மலை எங்களுக்கு ரொம்ப தூரமில்ல. கூட வேலை பாக்கற பிரெஞ்சுக்காரர் ஒருத்தர், ரிட்டயர் ஆகற வயசு, மாசக்கணக்கா சொல்லிட்டே இருந்தாரு, இந்த வருஷத்தோட பினோ நிறுத்திடறாரு, ரேஸ் அவர் சொந்த மண்ணு பக்கமா வருது, நீ கண்டிப்பா வரணும்னு. எனக்கு அப்ப சைக்கிள் ரேஸ் பத்தி பெருசா தெரியாது, அவருக்காகத்தான் போனேன்.

ரோட்ட மூடிடுவாங்கன்னு விடிகாலைலயே கிளம்பி, கார கீழ கிராமத்துல விட்டுட்டு நடந்தோம். 9 கிலோமீட்டருக்கு மேல ஏத்தம். தார் ரோடு பூரா பெயின்ட்ல அவர் பேருதான். ஒரு இடத்துல அவர் ரசிகருங்க ஆயிரக்கணக்குல கூடி நிக்கறாங்க, அந்த இடத்துக்கே பினோ வளைவுன்னு பேரு வெச்சுட்டாங்க. பாட்டு, மேளம், சிவப்பு புகை, கொடி, நம்ம ஊர் தேர் இழுக்கற அன்னிக்கு வீதில நிக்கற மாதிரியே இருந்துச்சு.

மத்தியானத்துக்கு மேல ஹெலிகாப்டர் சத்தம். அப்புறம் கீழ இருந்து ஒரு இரைச்சல் மெல்ல மெல்ல மேல ஏறி வருது. பக்கத்துல ஒருத்தர் போன்ல லைவ் பாத்துட்டு இருந்தவர் திடீர்னு கத்தறாரு, பினோ தனியா வர்றாரு, எல்லாரையும் விட்டுட்டு தனியா வர்றாருன்னு! அதுக்கப்புறம் யாரும் யார் பேச்சையும் கேக்கல. சைக்கிள் ஹேண்டில்பார் நுழையற அளவுக்குத்தான் வழி இருந்துச்சு, புகைக்குள்ள இருந்து அவர் வந்தாரு, வாய் திறந்திருக்கு, தாடியில இருந்து வேர்வை சொட்டுது, என் கை நீட்டினா தோள தொட்டுடலாம், நான் நீட்டல. பத்து செகண்ட் கூட இருக்காது, போயிட்டாரு. திரும்பிப் பாத்தா எங்க ஆளு தொப்பிய கழட்டி மூஞ்சிய மூடிட்டு அழறாரு.

அடுத்த மலைல பொகாச்சார், விங்கேகோர் மாதிரி முன்னணி வீரருங்க எல்லாம் அவர புடிச்சுட்டாங்க. அன்னிக்கு ரேஸ பொகாச்சார் ஜெயிச்சாரு, பினோ ஏழாவது. ஆனா கீழ இறங்கறப்ப ஒருத்தர் கூட தோத்துட்டாருன்னு பேசல.

பாசல்வாசி:

தம்பி, நான் அவரைக் கண்டது 2012இல. சுவிஸுக்குள்ள பொரான்த்ருயில ரேஸ் முடிஞ்ச நாள், ஜூலை 8. நான் இங்க பாசல்ல இருந்து மகனையும் கூட்டிக்கொண்டு போனனான். பினோவுக்கு அப்ப 22 வயசு, அந்த முறை டூர்லயே ஆகச் சின்னப் பெடியன். அவர் தனிய வாறார், பின்னால டீம் கார், அதுக்குள்ள இருந்து அவையின்ர மனேஜர் மார்க் மதியோ யன்னலுக்கால பாதி உடம்ப வெளியில விட்டு கதவில அடிச்சு அடிச்சு கத்திக்கொண்டு வாறார். மகன் இப்பவும் அத நடிச்சுக் காட்டுவான். கடைசியில 26 செக்கன் முந்தி வந்து அண்டைய ரேஸ வெண்டவர்.

2014இல முழு டூரிலையும் மூண்டாமிடம். ஆம்பிளையளின்ர டூர ஒரு பிரெஞ்சுக்காரன் வெண்டு கனகாலம், 1985இல பெர்னார் இனோ தான் கடைசி, அதால முழு நாடும் இவரத்தான் பாத்துக்கொண்டு இருந்தது. 2019இல தூர்மலே மலையில முடிஞ்ச நாள வெண்டவர், ஆறு நாளில தொடைத் தசை கிழிஞ்சு தீன்யு போற வழியில சைக்கிளால இறங்கிட்டார். பின்னடிக்கு டூர வெண்ட பெர்னாலுக்கும் இவருக்கும் அண்டு காலமை 20 செக்கன் தான் வித்தியாசம். அழுதழுது ஓடிக்கொண்டு இருந்தவர, கூட ஓடின வில்லியம் பொனே கைபோட்டு அணைச்சதை ரீவியில பாத்தனாங்கள். வீட்டில ஒருத்தரும் கதைக்கேல்ல.

மிலான் மாணவி:

அண்ணா ரெண்டு பேர் எழுதினதயும் படிச்சு கண்ணு கலங்கிடுச்சு. நான் பார்த்தது அவரோட கடைசி ரேஸ், 2023 அக்டோபர் 7, இத்தாலியில நடக்குற லொம்பார்தியாங்குற ஒருநாள் ரேஸ். 2018ல அவர் ஜெயிச்ச ரேஸ் அது. பெர்கமோ மேல்நகரத்துல ஏறுற அந்தக் கல்லு ரோட்டுல பிரான்ஸ்ல இருந்து வந்த கூட்டம் அவ்வளவு, இத்தாலிதானான்னு சந்தேகமே வந்துடுச்சு. முன்னாடி போனவங்களுக்கு கைதட்டல், ரொம்ப பின்னாடி வந்த இவருக்கு மொத்த தெருவும் அதிருது. கையில இத்தாலியன்ல பச்சை குத்தியிருப்பாரு, வெற்றி மட்டுமே அழகுன்னு அர்த்தம். அவரு தோத்து வர்ற நாள்ல இவ்வளவு கூட்டம் எதுக்கு வருதுன்னு எனக்கு இன்னும் புரியல, ஆனா நானும் தொண்டை கட்டற வரைக்கும் கத்தினேன்.

முலூஸ்காரன்:

அண்ணா, தங்கச்சி, ரெண்டு பேருக்கும் நன்றி. ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், 2010ல இருந்து கடைசி நாள் வரைக்கும் அவர் ஒரே டீம்தான், அதே மதியோ தான். இப்ப சொந்த ஊர் மெலிசேல ஆடு, மாடுன்னு பண்ணைய பாத்துட்டு இருக்காரு. போன தடவ பெத்தி பலோன் போனப்ப ரோட்டுல அவர் பேரு பாதி அழிஞ்சு கிடந்துச்சு. சனிக்கிழமை என் சைக்கிள்லயே ஏறிப் பாக்கலாம்னு இருக்கேன், பாசல் அண்ணன் மகன கூட்டிட்டு வாங்களேன், கீழ கிராமத்துல காலைல எட்டு மணிக்கு நிக்கறேன்.