பிளாக்பூல் நிழற்குடையில் இரண்டு மில்காரிகள்

அம்மா ஆறு மாத விசாவில் வந்திருந்தார். நான் வட இங்கிலாந்தில் போல்டன் என்ற ஊரில் நர்ஸ். நைட் ஷிப்ட் முடிந்து நான் தூங்கி எழும்வரை அவரும் என் நாலு வயது மகளும் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஊருக்கு அனுப்பியது போக அந்த மாதம் எடுத்துவைக்க முடிந்தது 250 பவுண்டு. அதற்குள் மூன்று பேரும் இரண்டு ராத்திரி கடற்கரையில் தங்கிவிட்டு வரவேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் இருக்கும் பிளாக்பூல் என்று சொன்னதும் கூட வேலை செய்யும் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். பழசாகிப்போன ஊர், வேறு எங்காவது போ என்றார்கள். நான் போய்வந்துவிட்டேன். அவர்கள் சொன்னதை ஒப்புக்கொள்ள மாட்டேன். காசை எண்ணிச் செலவழிக்கிறவர்களுக்காகவே எழும்பிய ஊர் அது. நம்மைப் போன்றவர்களை அங்கே யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை.

அக்டோபர் முதல் வாரம், திங்கள் கிளம்பி புதன் திரும்பினோம். நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிப் பணம் மிச்சமாகிறது. வெள்ளி, சனி ராத்திரிகளில் கடலோரம் போடும் விளக்கு அலங்காரம் பார்க்க வரும் கூட்டத்தால் அறை வாடகை எங்கேயோ போய்விடும். ரயிலுக்கு 'டூ டுகெதர்' கார்டு எடுத்தேன். பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து போனால் மூன்றில் ஒரு பங்கு குறையும். கார்டில் இரண்டு பேர் போட்டோவும் இருக்கவேண்டும், வார நாட்களில் காலை ஒன்பதரைக்கு முன்னால் செல்லாது. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தைக்கு டிக்கெட் இல்லை.

பிளாக்பூல் நார்த் ஸ்டேஷனை ஒட்டியே 2024இல் டிராம் நிறுத்தம் ஒன்று திறந்திருக்கிறார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. 1885 முதல் மின்சார டிராம் ஓடும் ஊர். இன்னும் உள்ளே கண்டக்டர் இருக்கிறார். அம்மா கம்பியைப் பிடித்துத் தடுமாறியதைப் பார்த்து, "முதல்ல உட்காருங்க லவ், டிக்கெட் எங்கேயும் ஓடிப்போயிடாது" என்றார். பிளாக்பூல் இருக்கும் லங்காஷயர் பகுதியில் பெரியவர் சின்னவர் எல்லாருமே 'லவ்'தான். அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் நன்றாகப் புரிந்தது. நம் பக்கம் 'கண்ணு' என்று சொல்கிற மாதிரிதான் என்று நான் சொன்னதும் சிரித்துக்கொண்டார்.

அறைக்கு ஒரு ராத்திரி 48 பவுண்டு, காலைச் சாப்பாட்டோடு. கடலைப் பார்த்த வரிசையை விட்டு இரண்டு தெரு உள்ளே போனால் இந்த விலைக்குக் கிடைக்கிறது. குறுகலான மூன்று மாடி வீடு. எங்களுக்குக் கொடுத்தது மேல் மாடி. படிக்கட்டின் கீழே நின்று அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டதை வீட்டுக்கார அம்மாள் பார்த்துவிட்டார். எழுபது வயது இருக்கும். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், கீழ்த்தளத்தில் தன் தங்கை வந்தால் தங்குகிற அறையின் சாவியை எடுத்துவந்து கொடுத்தார். காசு கூட்டவில்லை.

அன்று ராத்திரி டீ குடித்தபடி அவர் சொன்ன ஒரு விஷயம் மறக்காது. அவருடைய பாட்டி காலத்தில் விருந்தாளிகள் தங்கள் சாப்பாட்டுச் சாமானையே மூட்டை கட்டிக்கொண்டு வருவார்களாம். மாமிசம், உருளைக்கிழங்கு, முட்டை எல்லாம். வீட்டுக்காரி ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகச் சமைத்துத் தரவேண்டும். படுக்கைக்கு வாடகை, அதோடு மேஜையில் வைத்த உப்பு, மிளகு ஜாடியைத் தொட்டதற்கு பில்லில் தனியாகச் சில பென்னி. அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். "நாங்க பழனி போனா அரிசி மூட்டையோடதானே போவோம்" என்றார் அம்மா. மறுநாள் காலை முட்டையும் காளானும் பீன்ஸும் வந்தன. பன்றி இறைச்சி வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தோம். அம்மா கொண்டுவந்திருந்த பருப்புப் பொடியை வீட்டுக்கார அம்மாள் தன் டோஸ்ட்டின் மேல் தூவிச் சாப்பிட்டுப் பார்த்து, மீதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் ஆட்களில் நிறையப் பேருக்கு இது தெரியாது. வட இங்கிலாந்தில் பல மீன், சிப்ஸ் கடைகளில் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். மீனுக்கு மட்டுமில்லை, உருளைக்கிழங்குக்கும் அதே சட்டிதான். ருசி அதில்தான் என்பது அவர்கள் பழக்கம். அம்மா மாடு தொடமாட்டார். முதல் கடையில் வரிசையில் நின்று, எந்த எண்ணெய் என்று கேட்டேன். பொரித்துக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்களது மாட்டுக் கொழுப்பு, உங்கள் அம்மாவுக்கு வேண்டாம்" என்று தானே சொல்லி, தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைக்கு வழி காட்டினார். வந்த வியாபாரத்தை அப்படி அனுப்பிவைத்த மனிதர். அந்த இன்னொரு கடையில் பெரிய மீன் ஒன்றும் சிப்ஸும் வாங்கினோம், மூன்று பேருக்கும் தாராளமாகப் போதும். தயவுசெய்து கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கடற்பறவைகள் கையிலிருந்தே பறித்துப் போகும், அதனால் சுவரோரமாக நின்று சாப்பிடுங்கள்.

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெரினாவில் கடல் இருந்த இடத்தில் இருக்கும். இங்கே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சில நாள் 8 மீட்டருக்கும் மேல் வித்தியாசம். நாங்கள் போன நேரம் தண்ணீர் சுவரிலேயே மோதிக்கொண்டிருந்தது. மணல் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் போனால் கடல் எங்கேயோ தூரத்தில், ஈர மணல் கண்ணாடி மாதிரி. ஓத நேரத்தைப் பார்த்துவிட்டுப் போனால் குழந்தைகள் ஏமாற மாட்டார்கள்.

அந்த அழுகையைச் சமாதானப்படுத்தத்தான் கடலோர நடைபாதையில் இருந்த பழைய இரும்புத் தூண் நிழற்குடைக்குள் போய் உட்கார்ந்தோம். அங்கே ஏற்கெனவே ஒரு பாட்டி இருந்தார். மடியில் பிளாஸ்க், இரண்டு காதிலும் கேட்கும் கருவி. மகளுக்கு ஒரு பிஸ்கட் நீட்டினார். பேச ஆரம்பித்தோம். பர்ன்லிக்காரர், 84 வயது. பதினைந்து வயதில் தறி மில்லில் சேர்ந்தாராம்.

அந்தக் காலத்தில் லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில் வருஷத்துக்கு ஒரு வாரம் மில் மொத்தமும் மூடிவிடுவார்கள். வேக்ஸ் வாரம் என்று பெயர். ஒவ்வொரு ஊருக்கு ஒவ்வொரு வாரம். அந்த வாரம் தெருவே காலியாகி ரயிலேறி பிளாக்பூல் வந்துவிடும். ரயில் இங்கே வந்தது 1846இல், சம்பளத்துடன் விடுமுறைக்கான சட்டம் வந்ததோ 1938இல்தான். அதுவரை அந்த ஒரு வாரத்துக்குக் கூலி கிடையாது. வருஷம் பூராவும் வாரா வாரம் சில பென்னி சீட்டுப் போல் கட்டி, அதை எடுத்துக்கொண்டு வருவார்கள். "பக்கத்து வீட்டுக்காரியை விட்டு வந்தோமே என்ற கவலையே இல்லை, அவளும் பக்கத்து அறையில்தான் இருப்பாள்" என்றார் பாட்டி.

நான் மொழிபெயர்க்கத் தொடங்குமுன் அம்மா என் கையைப் பிடித்தார். "மில்லுன்னு சொன்னாங்களா கண்ணு?"

அம்மா கோவையில் 22 வருஷம் மில்லில் நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங்கில் வேலை பார்த்தவர். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் வீடு. அந்த இரைச்சலில் அவருக்கும் இடது காது போய்விட்டது. நூல் சுற்றும் கட்டையைப் பாட்டி 'பாபின்' என்றார், அம்மா "பாபின்!" என்றார். கோன், ஷிப்ட், ஓவர்டைம். எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. தன் மில்லில் மூலையில் நின்ற ஒரு பழைய மிஷினின் இரும்பில் 'பிளாட் பிரதர்ஸ், ஓல்டாம்' என்று எழுத்து வார்த்திருக்கும் என்று அம்மா சொல்ல, பாட்டி கையைக் கிழக்கே நீட்டி, "ஓல்டாம், அதோ அந்தப் பக்கம்" என்றார். அவ்வளவு நாள் அந்தப் பெயர் ஒரு ஊர் என்றே அம்மாவுக்குத் தெரியாது.

அப்புறம்தான் பாட்டி அதைச் செய்துகாட்டினார். தறிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அதனால் உதட்டை அகலமாக அசைத்து, சத்தமே வராமல், கையால் ஜாடை சேர்த்துப் பேசுவார்கள். 'மீ-மா' என்று பெயராம். உதட்டைக் குவித்து, பெருவிரலை வாயருகே சாய்த்து, புருவத்தை உயர்த்தினார். அம்மா உடனே இரண்டு விரலைக் காட்டி, ஆள்காட்டி விரல் நுனியில் பெருவிரலை வைத்துக் கொஞ்சூண்டு என்றார். டீ வேண்டுமா? இரண்டு பேருக்கு, சர்க்கரை கொஞ்சமாக. பிளாஸ்க்கிலிருந்து இரண்டு மூடிகளில் டீ வந்தது. காற்று அடித்துக்கொண்டிருந்தது, கடல் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் இருவரும் கால் மணி நேரம் மேற்பார்வையாளர்களைப் பற்றிப் புறம் பேசினார்கள். என் அம்மா முகத்தில் அந்தக் களையை நான் பல வருஷமாகப் பார்க்கவில்லை.

பிளாக்பூல் டவர் மேலே ஏறப் பணம் கொடுக்காதே, அதன் பால்ரூமுக்கு, நடன மண்டபத்துக்குப் போ என்று யோசனை சொன்னதும் பாட்டிதான். 1894இல் திறந்த 158 மீட்டர் கோபுரம் அது, கீழேயிருந்து பார்ப்பது இலவசம். பால்ரூமுக்குத் தனி டிக்கெட். நாங்கள் பணம் கொடுத்துப் பார்த்த ஒரே இடம். மேடைக்குள்ளிருந்து வுர்லிட்சர் என்ற ஆர்கன் வாத்தியம் வாசிப்பவரோடு மேலே எழும்பி வருகிறது. 30,602 மரத்துண்டுகள் பதித்த தரையில், மத்தியானம் இரண்டு மணிக்கு, எழுபது எண்பது வயதுத் தம்பதிகள் கைகோர்த்துச் சுற்றுகிறார்கள். மகளும் போய் நடுவில் சுற்றினாள். ஒருவர்கூட ஒதுங்கச் சொல்லவில்லை.

விளக்கு அலங்காரம் இலவசம். 1879இல் எட்டு ஆர்க் விளக்குகளோடு தொடங்கியது, இப்போது கடலோரமாக ஏறக்குறைய 10 கிலோமீட்டர். நாள் பாஸ் இருந்ததால் டிராமில் பிஸ்பம்வரை போய், பெரிய பொம்மை விளக்குகள் இருக்கும் பகுதியை மட்டும் நடந்தோம். அதே பாஸில் செவ்வாய்க் காலை ஃப்ளீட்வுட்டும் போய்வந்தோம். இருமலுக்கு நம் ஊரிலும் விற்கும் ஃபிஷர்மேன்ஸ் ஃப்ரெண்ட் மாத்திரை பிறந்த ஊர். மற்றபடி காற்றுதான்.

கிளம்பும் அன்று அம்மா 'ராக்' மிட்டாய் நாலு வாங்கினார். எங்கே உடைத்தாலும் உள்ளே பிளாக்பூல் என்று எழுத்துத் தெரியும். கடையில் ஒன்றை உடைத்து அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தையும் நீளமான சர்க்கரைப் பாளமாகச் செய்து, உருளையாக அடுக்கி, சூடு ஆறுவதற்குள் மெல்லிசாக இழுக்கிறார்கள். நம் ஜவ்வு மிட்டாய்க்காரர் இழுப்பதுபோலத்தான், ஆனால் எழுத்து குலையாமல். கோவையில் தன்னோடு வைண்டிங்கில் நின்ற மூன்று பேருக்கு மூன்று, ஒன்று பேத்திக்கு. எல்லாம் போக 250இல் 38 பவுண்டு கையில் இருந்தது.

புதன்கிழமை டிராம் அந்த நிழற்குடையைத் தாண்டும்போது பாட்டி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். டிராம் நின்றது, கண்ணாடி மூடியிருந்தது. அம்மா கண்ணாடியைத் தட்டினார். பாட்டி நிமிர்ந்து பார்த்து, உதட்டை அகலமாக அசைத்தார். கையால் ஒரு வட்டம் போட்டு, தன் பக்கத்தில் காலியாக இருந்த பலகையைத் தட்டிக்காட்டினார். அம்மா தலையாட்டி, இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார்.

"என்னம்மா சொன்னாங்க?" என்றேன்.

"அடுத்த வருஷம் இதே வாரமாம். இடம் போட்டு வைக்கறாங்களாம்."