இடுப்புக்கும் ரேஞ்சுக்கும் (சுடும் பயிற்சித் தளம்) ஒரே .32 துப்பாக்கி: எதை எடுக்கலாம்?

பெங்களூரு, பீனியா. கடை வசூலை ராத்திரி நானே எடுத்துப்போவதால் லைசென்ஸ் வாங்கினேன். துப்பாக்கி வாங்குவதற்கான கெடு அடுத்த மாதம் முடிகிறது. 9 எம்எம் குழல் அளவு பொதுமக்களான நமக்குத் தடை, அதனால் .32 (அங்குலக் கணக்கில் குழல் அளவு) தான்.

நண்பரின் .32 பிஸ்டலை, அவர் பக்கத்தில் நிற்க, ரேஞ்சில் சுட்டுப் பார்த்தேன். கைக்கு அடக்கம், ஆனால் சுட்ட தோட்டாவின் காலி கேஸ் (உறை) வெளியே விழாமல், மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடில் செங்குத்தாக மாட்டிக்கொண்டே இருந்தது. வேறு பெட்டித் தோட்டா, வேறு மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), எண்ணெய் போட்டுத் துடைத்தது, எதற்கும் சரியாகவில்லை. உயிர் காக்க வாங்குவதில் இந்தச் சந்தேகமே கூடாது.

சரி, ஸ்லைடே இல்லாத ரிவால்வர், அதுவும் கான்பூரில் தயாராவது என்று முடிவு. இரண்டு மாடல் பார்த்தேன். நிர்பீக் 500 கிராம், சட்டைக்குள் தெரியாது. 2023இல் வந்த பிரபல் 700 கிராம். பிரபலில் சிலிண்டர் (தோட்டா போடும் உருளை) பக்கவாட்டில் திறப்பதால் தோட்டா மாற்றச் சுலபம்.

தினமும் இடுப்பில் வைத்து, ரேஞ்சிலும் அடிக்கடி சுடுபவர்கள் சொல்லுங்கள்: இந்த இரண்டில் எது?