நகுரு ஏரிப் பூங்காவில் சொந்தச் சமையலுடன் கூடாரம்: தண்ணீருக்கும் உணவுக்கும் என்ன ஏற்பாடு?

அஸ்தம்பட்டி வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூலையில் நானும் மனைவியும் கல்லூரியில் படிக்கும் மகனும் கென்யா செல்லவிருக்கிறோம். நகுரு ஏரித் தேசியப் பூங்காவில் விடுதி எடுக்காமல், நைரோபியில் வாடகைக்கு எடுக்கும் ஜீப்பில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, பூங்காவின் தென்கோடியில் மக்காலியா அருவிக்கு அருகிலுள்ள முகாம் திடலில் இரண்டு இரவுகள் தங்க எண்ணியிருக்கிறோம். ஏற்காட்டில் நண்பரின் காப்பித் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்கிய பழக்கம் உண்டு. ஆனால் அங்கே உப்பு தீர்ந்தால் ஒண்டிக்கடைக்கு ஒரு நடை போய் வந்துவிடலாம். ஏரித் தண்ணீரைக் காய்ச்சிப் பயன்படுத்தலாமா, எந்த அடுப்பு சரிப்படும், உணவை எங்கே வைப்பது என்பதை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். நாங்கள் சைவம்.

அம்மாப்பேட்டை - நைரோபி:
ஐயா, தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன். நகுரு வெளியேறும் வழியில்லாத சோடா ஏரி. நீர் ஆவியாகி ஆவியாகி உப்பும் காரமும் தங்கிவிட்டதால், எவ்வளவு காய்ச்சினாலும் அது குடிக்க ஆகாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே தவிர உப்பு போகாது. மக்காலியா ஆறும் மேலேயுள்ள விளைநிலங்களைத் தாண்டி வருவதால் அதையும் நம்ப வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர், பாத்திரம் கழுவத் தனியே ஒரு கேன் என்று கணக்கிட்டு நகுரு நகரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நகரம் பூங்காவை ஒட்டியே இருக்கிறது. பிளாஸ்டிக் பைகளுக்குக் கென்யாவில் 2017 முதலே தடை உண்டு. 2020 ஜூன் முதல் தேசியப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் குப்பிகளையும் கொண்டுபோக முடியாது. ஆகவே, பெரிய கேன்களில் நிரப்பிக்கொண்டு எவர்சில்வர் குப்பிகளில் ஊற்றிக் குடிப்பதே வழி.

அடுப்புக்கு, சிலிண்டர் தலையிலேயே பர்னர் பொருத்திய 6 கிலோ காஸ் அங்கே எங்கும் கிடைக்கும். விமானத்தில் காஸ் குப்பி எதையும் கொண்டுவர முடியாது. காட்டில் விறகு பொறுக்கவும் கூடாது. ஏரிக்கரை சுமார் 1,750 மீட்டர் உயரத்தில், ஏற்காட்டைவிடவும் மேலே இருப்பதால், தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகுமென்று காத்திருந்தால் இருட்டிவிடும். சிறிய குக்கர் ஒன்று எடுத்து வாருங்கள். துவரம்பருப்பும் நல்ல அரிசியும் இங்குள்ள கடைகளிலேயே உண்டு, ஊரிலிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அவல் போதும்.

உண்மையான தலைவலி சிங்கமல்ல, பபூன் குரங்குகள். சேர்வராயன் மலைக் குரங்கு கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். இது கூடாரத்தின் ஜிப்பையே கிழித்து உள்ளே புகுந்துவிடும். ஆகையால் கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் துண்டுகூட இருக்கலாகாது. உணவு, குப்பை, கழுவாத பாத்திரம், பற்பசை என்று மணமுள்ள எதுவாயினும் வண்டிக்குள் வைத்துக் கண்ணாடிகளை முழுதாக ஏற்றிவிடுங்கள். நாங்கள் சமையலைப் பகல் வெளிச்சத்திலேயே முடித்து, ஆறு மணிக்கெல்லாம் சாப்பிட்டுவிட்டு, அரிசி கழுவிய நீரைக்கூடக் கூடாரத்தைவிட்டுத் தள்ளியே ஊற்றுவது வழக்கம்.

கொண்டலாம்பட்டி வாசகி:
மேலே கூறியவற்றோடு ஒன்று. கென்யாவிலிருந்து இந்தியா திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லையெனில் விமான நிலையத்தில் நிறுத்தித் தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் போடுகிறார்கள் என்பதால் சேலத்திலிருந்து ஒரு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். மலேரியா மாத்திரை குறித்து மருத்துவரைக் கேளுங்கள். வண்டி ஓட்டுபவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் பெற்றுக்கொள்வது நல்லது. அங்கும் நம்மைப் போலவே சாலையின் இடப்புறம்தான்.

அஸ்தம்பட்டி வாசகர்:
இருவருக்கும் மிக்க நன்றி. திடலைச் சுற்றி வேலி கிடையாது என்று கேள்விப்பட்டு மனைவி தயங்குகிறார். இரவில் கழிப்பறைக்குச் செல்ல நேர்ந்தால் என்ன செய்வது?

அம்மாப்பேட்டை - நைரோபி:
அக்காவின் தயக்கம் நியாயமானதே. பூங்காவைச் சுற்றி மின்வேலி உண்டு, திடலுக்கு இல்லை. எருமையும் சிறுத்தையும் சிங்கமும் அந்தப் பக்கம் நடமாடும். நகுருவில் யானை கிடையாது என்பது ஓர் ஆறுதல். எனக்குக் காட்டெருமையிடம்தான் அச்சம் அதிகம், அது சத்தமில்லாமல் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும். இருட்டிய பின் கூடாரத்தைவிட்டு இறங்காமல் இருப்பதே விதி. அவசரத்துக்கு மூடியுள்ள வாளி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. வெளியே வந்தே தீர வேண்டுமென்றால், முதலில் டார்ச்சைச் சுற்றிலும் ஒரு முறை அடித்து, கண்கள் எங்கேனும் மின்னுகின்றனவா என்று பார்த்துவிட்டு, இருவராக வண்டியை ஒட்டியே நில்லுங்கள். வாடகை வண்டியின் கூரைமேல் விரியும் கூடாரம் கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள், கூடுதல் பணம் வீணில்லை. ஆயுதமேந்திய காவலரை இரவுக்கு அமர்த்த முடியுமா என்றும் வாயிலில் விசாரியுங்கள்.

மேலும் ஒன்று: 2010க்குப் பிறகு ஏரி பெருகி, பழைய முதன்மை வாயிலும் கரையோரச் சாலைகளும் மூழ்கிவிட்டன. பழைய வரைபடத்தை நம்பாமல், இப்போது எந்த வழி திறந்திருக்கிறது என்று வாயிலில் கேட்டறிந்து, மாலை நான்கு மணிக்குள் திடலைச் சென்றடையுங்கள். நீர் பெருகி உப்பு குறைந்ததில் பாசியும் குறைந்து, பூநாரைகள் பெரும்பாலும் போகோரியா ஏரிப் பக்கம் போய்விட்டன. அவற்றுக்காகவே வருவதாக இருந்தால் பயணத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காண்டாமிருகத்துக்கு நகுருவே போதும். கட்டணத்தை இணையவழியில் செலுத்த வேண்டும், வாயிலில் ரொக்கம் வாங்குவதில்லை.