கடலோர கிரில்: வெல்டிங் மூட்டில் மட்டும் துரு திரும்பி வருகிறது

சென்னை திருவான்மியூர், கடலிலிருந்து சுமார் 300 மீட்டர். முதல் மாடி பால்கனி கிரில், 12 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண இரும்பு) சதுரக் கம்பி. பெயிண்ட் அடித்து 7 மாதம். கம்பியின் நடுப்பகுதி பளபளவென்று இருக்க, வெல்டிங் மூட்டிலும் அடிக்கம்பியின் கீழ்ப்புறத்திலும் மட்டும் கொப்புளம். நகத்தால் கீறினால் ஈரமான பழுப்புத் தூள் உதிர்கிறது.

செய்தது: வயர் பிரஷ், 80 நம்பர் எமரி, ரெட் ஆக்சைடு பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கோட், எனாமல் இரண்டு கோட். அதற்கு முந்தைய தடவை ரஸ்ட் கன்வெர்ட்டரும் (துருவைக் கெட்டிப் படலமாக மாற்றும் திரவம்) பூசியாயிற்று; 4 மாதம்கூடத் தாங்கவில்லை. நல்ல தண்ணீரில் கழுவாமல் தேய்த்ததால் கடல் காற்றின் உப்பு பெயிண்டுக்கு அடியிலேயே தங்கிவிட்டது என்பது என் கணிப்பு. வெல்டிங் கசடையும் (வெல்டிங் செய்தபின் மூட்டின் மேல் படியும் ஓடு) யாரும் தட்டி எடுக்கவில்லை (அது பெயிண்டர் வேலை இல்லையாம்).

கிரில் சுவரோடு பதித்தது, கழற்ற முடியாது. சாண்ட் பிளாஸ்டிங்குக்கு (மணலை வேகமாகப் பீய்ச்சித் துருவை எடுப்பது) வழியில்லை. கழுவி, கிரைண்டரில் மூட்டைச் சுரண்டி, எபாக்ஸி ஜிங்க் பாஸ்பேட் பிரைமரும் மேலே பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டும் அடித்தால் மூட்டில் பிடித்து நிற்குமா?