தர்மபுரி பிடமனேரி மூணாவது தெரு குழு: மூக்குக் குழாய், ரத்தம், வீல்சேர்

கோகிலா, மாலை 6:12
சாந்தி அக்கா, மாமியாரை நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்றாங்க. மூக்குல டியூப் இருக்கும், ஒரு மாசம் அதுலதான் சாப்பாடுன்னு சொல்லிட்டாங்க. ராகிக் கஞ்சி கொடுக்கலாமா? ஒரு வேளைக்கு எவ்வளவு?

சாந்தி அக்கா, மாலை 6:20
கொடுக்கலாம்மா. கஞ்சியை அப்புறம் பாப்போம், முதல்ல நாளைக்கு வார்டுல செய்ய வேண்டியதைச் சொல்றேன். கிளம்பறதுக்கு முன்னாடி சிஸ்டர் பக்கத்துல நிக்க, ஒரு வேளை சாப்பாட்டை நீயே உன் கையால கொடுத்துக் காட்டு. பார்த்துக் கத்துக்கிட்டேன்னு வந்துடாத.

சாந்தி அக்கா, மாலை 6:22
அடுத்தது, மூக்குத் துவாரத்தை ஒட்டி டியூப் மேல அழியாத பேனாவால ஒரு கோடு போடச் சொல்லு. அங்கிருந்து வெளிய தொங்கற நீளத்தை டேப்ல அளந்து டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதி வச்சுக்க. ஒவ்வொரு வேளைக்கும் முன்னாடி அந்தக் கோட்டைப் பாரு. கோடு வெளிய நகர்ந்திருந்தா ஒரு சொட்டுத் தண்ணி கூட விடக் கூடாது. டியூப் கழண்டே வந்துட்டாலும் வீட்ல திருப்பிச் சொருகாதீங்க. நுரையீரலுக்குள்ள போயிட்டா வெளிய இருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கோகிலா, மாலை 6:25
சரிக்கா. படுத்தே இருக்காங்க, அப்படியே ஊத்தலாமா?

சாந்தி அக்கா, மாலை 6:31
கூடவே கூடாது. முதுகுக்குத் தலையணை அடுக்கி, பாதி உட்கார்ந்த மாதிரி 45 டிகிரிக்கு நிமிர்த்தணும். கொடுத்து முடிச்ச பிறகும் அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்கணும். படுக்க வச்சு ஊத்தினா கஞ்சி மேல ஏறி மூச்சுக்குழாய்க்குப் போயிடும். டியூப்ல சாப்பிடறவங்களுக்கு நிமோனியா வர்றதுக்கு இது பெரிய காரணம்.

50 மில்லி சிரிஞ்ச் வாங்கு. முதல்ல மெதுவா உறிஞ்சிப் பாரு. பழைய கஞ்சி 150, 200 மில்லிக்கு மேல வந்தா வயிறு இன்னும் காலியாகலைன்னு அர்த்தம். அந்த வேளையைத் தள்ளிப் போடு, திரும்பத் திரும்ப அப்படியே வந்தா டாக்டர்கிட்ட சொல்லு. சரியா இருந்தா 30 மில்லி தண்ணி விட்டுட்டு, சிரிஞ்ச்ல அழுத்தற தண்டை உருவிட்டு, வெறும் குழலை மட்டும் டியூப்ல மாட்டி அதுல ஊத்து. ஒரு அடி உயரத்துல பிடி, தானா இறங்கும். 200 மில்லி இறங்க 15, 20 நிமிஷம் ஆகட்டும். அவசரப்பட்டு அழுத்தினா வாந்திதான். முடிச்சதும் மறுபடி 30 மில்லி தண்ணி. நடுவுல இருமல், மூச்சுத்திணறல், உதடு நீலமாகறதுன்னு எது வந்தாலும் டியூப்பை மடக்கிப் பிடிச்சுட்டு 108க்கு அடி.

சாந்தி அக்கா, மாலை 6:33
அளவு டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதினதுதான். பொதுவா 200 இல்ல 250 மில்லி, ரெண்டரை மூணு மணிக்கு ஒரு தடவைன்னு எழுதுவாங்க. சுகர், கிட்னி இருந்தா மாறும், அதனால பக்கத்து வீட்டு அளவைக் கேட்காத.

கோகிலா, மாலை 6:36
ராகியைப் பத்திச் சொல்லவே இல்லையே அக்கா 🙏

சாந்தி அக்கா, மாலை 6:44
களி கிண்டற மாவைத் தொடாதே. அந்தத் தவிடு டியூப்ல போய் உட்கார்ந்துக்கும். ராகியை ராத்திரி ஊற வச்சு அரைச்சு, வேட்டித் துணியில பிழிஞ்சு பால் எடு. கைக்குழந்தைக்குக் காய்ச்சற மாதிரிதான். நல்லா வேக வச்சு, ஆறின பிறகு மறுபடி ஒரு தடவை வடிகட்டு. ஆறினா ராகி இறுகிடும், அடுப்புல இருக்கறப்ப தண்ணியா தெரியறதை நம்பாத. கரண்டியில எடுத்துச் சாய்ச்சா மோர் மாதிரி ஒழுகணும். வெதுவெதுப்பா இருக்கறப்பவே கொடு. ஆனா வெறும் ராகி பத்தாது. பருப்புத் தண்ணி, பால், முட்டை வெள்ளைன்னு புரதத்துக்கு டயட்டீஷியனைக் கேட்டு எழுதி வாங்கிக்க. புரதம் இல்லன்னா படுக்கைப் புண் ஆறாது.

மாதையன் மாமா, மாலை 6:50
டியூப் அடைச்சுக்கிட்டா கோலா ஊத்தினா திறந்துக்கும்னு ஒரு வீடியோ வந்துச்சேம்மா?

சாந்தி அக்கா, மாலை 6:53
வேண்டாம் மாமா. கோலாவுல இருக்கற புளிப்பு, உள்ள தங்கின பாலையும் புரதத்தையும் திரிய வச்சு இன்னும் கெட்டியாக்கிடும். வெதுவெதுப்பான தண்ணியை சிரிஞ்ச்ல கொஞ்சமா விட்டு உறிஞ்சு, விட்டு உறிஞ்சுன்னு பத்து நிமிஷம் பொறுமையா பண்ணணும். கம்பி விட்டுக் குத்தக் கூடாது. போகலன்னா ஆஸ்பத்திரிதான்.

முருகேசன் பார்மசி, மாலை 7:05
கோகிலா, அடைப்பு அதிகமா கஞ்சியால வர்றதில்லை, மாத்திரையால வரும். எல்லா மாத்திரையையும் ஒண்ணா இடிச்சுக் கலக்காதீங்க. ஒவ்வொண்ணா தனியா பொடியாக்கி 10, 15 மில்லி தண்ணியில கரைச்சு விடுங்க, ரெண்டு மருந்துக்கு நடுவுல 10 மில்லி தண்ணி. அட்டையில எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர். இப்படி எதாவது போட்டிருந்தா இடிக்கவே கூடாது. நாள் முழுக்க மெதுவா கரைய வேண்டிய மருந்து மொத்தமா ஒரே நேரத்துல உடம்புக்குள்ள இறங்கிடும். பான்டோபிரசோல் மாதிரி மேல பூச்சு போட்ட மாத்திரையும் அப்படித்தான், பூச்சு போனா வயித்து அமிலத்துல மருந்து வீணாயிடும். டாக்டர்கிட்ட 'டியூப்ல போகுது'ன்னு சொன்னா சிரப்போ வேற வகையோ எழுதுவாங்க. வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் இருக்கா?

கோகிலா, மாலை 7:08
ஆமாண்ணா, ராத்திரி ஒரு வேளை.

முருகேசன் பார்மசி, மாலை 7:12
அப்ப அதை டாக்டர்கிட்ட கட்டாயம் கேளுங்க. கஞ்சியோட சேர்ந்தா அந்த மருந்து உடம்புல சரியா ஏறாது. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணு, ரெண்டு மணி நேரம் சாப்பாட்டை நிறுத்தச் சொல்றது வழக்கம். இது தெரியாமதான் மருந்து கொடுத்தும் திரும்ப வலிப்பு வந்துடுச்சுன்னு ஓடி வருவாங்க.

சாந்தி அக்கா, மாலை 7:15
வாய் வழியா சாப்பிடலன்னாலும் வாயை ரெண்டு வேளை ஈரத்துணியால துடைக்கணும். ரெண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வை. இடுப்பு, குதிகால்ல சிவந்திருந்தா விரலால அழுத்திப் பாரு. வெளுத்துத் திரும்பச் சிவந்தா பரவாயில்லை. வெளுக்கவே இல்லன்னா புண்ணு ஆரம்பிச்சாச்சு. அந்த இடத்துல தைலம் தேய்க்காத, எடையை மட்டும் எடு. காத்து மெத்தை வாங்கினா புரட்ட வேண்டாம்னு கடையில சொல்வாங்க, நம்பாத.

மாதையன் மாமா, மாலை 7:19
வீட்டுக்கே நர்சு வருவாங்கல்ல, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட்ல நம்ம பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதானே முதலமைச்சர் ஆரம்பிச்சு வச்சாரு.

சாந்தி அக்கா, மாலை 7:22
ஆமா மாமா. கோகிலா, டிஸ்சார்ஜ் சீட்டு நகலோட நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் கொடு. பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வரும். நடமாட முடியாதவங்களுக்குன்னே வலி தணிப்பு நர்சும் பிசியோதெரபிஸ்டும் அந்தத் திட்டத்துல இருக்காங்க. நீயா போய்க் கேட்டாத்தான் பட்டியல்ல ஏறும்.

கார்த்தி, இரவு 8:02
பார்வேர்டு: அவசரம்! ஓ பாசிட்டிவ் 10 யூனிட் உடனடியாகத் தேவை! தயவுசெய்து அனைவருக்கும் பகிரவும்!

நவீன் (ரத்த வங்கி), இரவு 8:09
கார்த்தி, இதுல தேதி இல்ல, ஆஸ்பத்திரி பேர் இல்ல, வார்டும் இல்ல. இந்த மாதிரிச் செய்தி வருஷக்கணக்கா சுத்திக்கிட்டே இருக்கும். தேதி, ஆஸ்பத்திரி, வார்டு, நோயாளியோட ஐ.பி. நம்பர் (வார்டுல சேர்க்கறப்ப கொடுக்கற எண்) நாலும் இருந்தா மட்டும் போடு. தேவை முடிஞ்சதும் போட்ட இடத்துலயே 'முடிஞ்சது'ன்னு எழுது.

கார்த்தி, இரவு 8:11
சாரிண்ணா. ஆனா 10 பேர் சேர்ந்து போனா நல்லதுதானே?

நவீன் (ரத்த வங்கி), இரவு 8:20
ஒரே நாள்ல வேண்டாம். சிவப்பணு ஃபிரிட்ஜ்ல 35ல இருந்து 42 நாள் நிக்கும், பையில எந்தக் கரைசல் இருக்குங்கறதைப் பொறுத்து. பிளேட்லெட் 5 நாள்தான், அதுவும் ஃபிரிட்ஜ்ல வைக்க முடியாது, 20லருந்து 24 டிகிரியில ஆட்டிக்கிட்டே இருக்கணும். டெங்கு சீசன்ல ஆளில்லாம தவிக்கறதுக்கு இதுதான் காரணம். பத்துப் பேரும் மாசத்துக்கு ரெண்டு பேரா பிரிஞ்சு வந்தா எங்களுக்கு அது தங்கம்.

கார்த்தி, இரவு 8:21
யாரெல்லாம் கொடுக்கலாம்?

நவீன் (ரத்த வங்கி), இரவு 8:29
வயசு 18லருந்து 65. எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, 350 மில்லி எடுப்போம். ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும். ஆம்பளைங்க 90 நாளுக்கு ஒரு தடவை, பொம்பளைங்க 120 நாள். பச்சை குத்தியிருந்தா ஒரு வருஷம் பொறுக்கணும். முந்தின நாள் ராத்திரி தண்ணி போட்டவங்க வர வேண்டாம். வெறும் வயித்துல வராதீங்க, மயக்கம் போட்டு விழறவங்கள்ல பாதிப் பேர் சாப்பிடாம வந்தவங்கதான். இது என் அனுபவக் கணக்கு, புத்தகக் கணக்கு இல்ல.

மாதையன் மாமா, இரவு 8:33
வெளி ஆளைவிட பெத்த புள்ள ரத்தம்தான் அப்பனுக்கு நல்லாச் சேரும்பா, இல்லையா?

நவீன் (ரத்த வங்கி), இரவு 8:40
தலைகீழ் மாமா. நெருங்கின ரத்த சொந்தம் கொடுக்கறதுலதான் ஆபத்து. தானம் கொடுத்தவரோட வெள்ளணு, வாங்கினவர் உடம்புக்கு வேத்தாளாவே தெரியாம தப்பிச்சு உள்ள தங்கி, அவரையே தாக்க ஆரம்பிச்சிடும். அபூர்வம்தான், ஆனா வந்தா பிழைக்கறது கஷ்டம். வேற வழியே இல்லன்னா அந்தப் பையைக் கதிர்வீச்சு கொடுத்துத்தான் ஏத்தணும். மகன் வந்து பொது இருப்புக்குக் கொடுக்கட்டும், அப்பாவுக்கு வேற ஆளோட ரத்தம் போகட்டும்.

இன்னொண்ணு, வார்டுல இருந்து சாம்பிள் குழாயைத் துணைக்கு இருக்கறவங்க கையிலதான் பல இடத்துல கொடுத்து விடறாங்க. குழாய்ல பேரும் ஐ.பி. நம்பரும் இருக்கா, ரத்தம் கேட்டு எழுதற ரெக்விசிஷன் தாள்ல இருக்கறதும் அதுவும் ஒண்ணான்னு அங்கயே நின்னு படிச்சுப் பாருங்க. ஒரே வார்டுல ரெண்டு முருகம்மாள் இருப்பாங்க. எழுத்து ஒத்துப்போகலன்னா திருப்பித்தான் அனுப்புவோம், திட்டாதீங்க. கிராஸ் மேட்ச், அதாவது ரெண்டு ரத்தமும் ஒத்துப்போகுதான்னு சோதிக்க முக்கால் மணிக்கு மேல ஆகும். ரத்தப் பை கையில வந்ததும் நேரா வார்டு. டீக்கடையில நிக்கறது, பையில போட்டுச் சூடாக்கறது கூடாது. வெளிய எடுத்த அரை மணிக்குள்ள ஏத்த ஆரம்பிக்கணும், நாலு மணி நேரத்துல முடிக்கணும்.

மாதையன் மாமா, இரவு 8:52
சரிப்பா. என் பேத்தி பன்னிரண்டாவது முடிச்சிருக்கு. ஆஸ்பத்திரியில வேலை வாங்கித் தரேன்னு ஒருத்தர் 2 லட்சம் கேக்கறாரு.

முருகேசன் பார்மசி, இரவு 8:55
ஒரு ரூபா கொடுக்காதீங்க. நிரந்தர வேலைன்னா 2012ல வந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியா அறிவிப்பு வரும். ஒப்பந்த வேலை மாவட்ட நலவாழ்வு சங்கம் வழியா, மாவட்ட இணையதளத்துலயே போடுவாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஆள் தேவையில்லை. பேத்தியை மருத்துவக் கல்லூரியில ஒரு வருஷச் சான்றிதழ் படிப்புக்குப் போடச் சொல்லுங்க. டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், ஈ.சி.ஜி. டெக்னீஷியன் இருக்கு. டயாலிசிஸ்னா தனியார்லயும் உடனே எடுத்துக்கறாங்க.

கார்த்தி, இரவு 9:01
ஆன்ட்டி, நான் வேலைக்கு இல்ல, ஞாயித்துக்கிழமை தன்னார்வலரா போகணும். யாரைப் பாக்கறது?

சாந்தி அக்கா, இரவு 9:10
மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில நிலைய மருத்துவ அலுவலர், ஆர்.எம்.ஓ.ன்னு சொல்வாங்க. வெள்ளைத்தாள்ல மனு, ஆதார் நகல், ரெண்டு போட்டோ. எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன தெரியும்னு தெளிவா எழுது. 'சேவை செய்ய விரும்புகிறேன்'னு மட்டும் எழுதினா தூக்கி ஃபைல்ல போட்டுடுவாங்க. உனக்குத் தெலுங்கும் கன்னடமும் வரும்ல? அதை முதல் வரியிலயே எழுது. எல்லையோரத்துல இருந்து வர்ற பாட்டிகளுக்கு ஓ.பி. சீட்டு வாங்கறதுலயே காலையில பாதிப் போயிடும். ஆனா ஞாயித்துக்கிழமை ஓ.பி. இருக்காது, அன்னைக்கு அவசரப் பிரிவும் வார்டும்தான். மொழிக்குத்தான் போறேன்னா திங்கள் காலையில பாரு, அன்னைக்குத்தான் கூட்டம் அதிகம்.

கார்த்தி, இரவு 9:12
திங்கள் காலேஜ் மதியம்தான், போலாம். வேற என்ன பண்ணலாம், என்ன பண்ணக் கூடாது?

சாந்தி அக்கா, இரவு 9:24
வழி காட்டு, படிவம் எழுதிக் கொடு, மருந்து கவுண்டர்ல வரிசையில நில்லு, வீல்சேர் தள்ளு. நோயாளி தண்ணி கேட்டா கூட நீ கொடுக்காத, சிஸ்டர்கிட்ட கேள். ஆபரேஷனுக்குப் பட்டினி போட்டிருப்பாங்க, ஒரு டம்ளர் தண்ணியில ஆபரேஷனே தள்ளிப் போயிடும். குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்தாலும் கை வைக்காத. போட்டோ, ரீல்ஸ் எதுவும் வேண்டாம். சேர்றதுக்கு முன்னாடி மஞ்சள்காமாலை பி தடுப்பூசி மூணு தவணை, இன்னைக்கு, ஒரு மாசம், ஆறு மாசம்னு போட ஆரம்பிச்சுடு. தரையில ஊசி கிடந்தா எடுக்காத, ஆளைக் கூப்பிடு. குத்திட்டா சோப்புத் தண்ணியில கழுவு, பிதுக்காத, உடனே அவசரப் பிரிவுல சொல்லு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிஞ்சா ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், 72 மணி நேரம் தாண்டிட்டா பலனில்லை.

கார்த்தி, இரவு 9:27
வீல்சேர் தள்றதுக்குக் கூட ஏதாவது இருக்கா ஆன்ட்டி?

சாந்தி அக்கா, இரவு 9:35
இருக்கு. ஏத்தறப்பவும் இறக்கறப்பவும் ரெண்டு பக்கமும் பிரேக் போடு. கால் வைக்கற தகட்டை மடக்கிட்டுத்தான் ஆளை எழுப்பணும், அது மேல மிதிச்சு எழுந்தா வண்டி முன்னாடி கவிழும். ராம்ப்ல இறங்கறப்ப நீ பின்னாடி நடந்து, வண்டியையும் பின்பக்கமாவே இறக்கு. யூரின் பையை மடியில வைக்காத, இடுப்புக்குக் கீழ தொங்க விடு. பாட்டியோட சேலைத் தலைப்பைச் சக்கரத்துல மாட்டாம எடுத்து மடியில செருகு.

கோகிலா, இரவு 9:41
அக்கா, அந்த 50 மில்லி சிரிஞ்ச்சைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாமா?

சாந்தி அக்கா, இரவு 9:44
மாமியாருக்கு மட்டும்னா சோப்புத் தண்ணியில கழுவிக் காய வச்சுப் பயன்படுத்தலாம். எத்தனை நாளுக்கு ஒண்ணு மாத்தணும்னு நாளைக்கு சிஸ்டர்கிட்டயே கேட்டுக்க. ரெண்டா வாங்கு, ஒண்ணு காயறப்ப இன்னொண்ணு.